தாடை உடைந்தால் ஏன் பல் டாக்டர் வருகிறார்? கம்பி ஆலையிலிருந்து வந்த ஒருவரின் கதை

ராத்திரி ஒரு மணி. பைக் சறுக்கி விழுந்த நண்பரை எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். முகம் ஒரு பக்கமாக வீங்கிக் கிடக்கிறது. வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை, எச்சில் ரத்தத்தோடு சேர்ந்து வழிகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டியூட்டி டாக்டர், காதுக்குக் கீழே தாடை வளைகிற மூலையில் எலும்பு முறிந்திருக்கிறது என்கிறார். எலும்பு டாக்டர் வருவார் என்று நீங்கள் காத்திருக்க, வருவதோ பல் மருத்துவம் படித்த ஒருவர். அவர் முதலில் கேட்பது வலியைப் பற்றிக்கூட இல்லை. கடித்துப் பார்த்தால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்பு போலவே சேருகிறதா என்றுதான் கேட்கிறார்.

கால் உடைந்து கிடக்கிறவரிடம் செருப்பு சைஸ் கேட்ட மாதிரி இருக்கும். ஆனால் தாடை முறிவில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. இந்தக் கேள்வி மருத்துவமனைக்குள் வந்து சேர்ந்ததே ஒரு பெரிய கதை. அதில் முக்கியமான பங்கு, துருக்கியிலிருந்து அகதி போல அமெரிக்கா போய், கம்பி ஆலையில் கூலி வேலை பார்த்து, ராத்திரியில் படித்துப் பல் டாக்டரான ஓர் ஆர்மீனியருடையது. பெயர் வரஸ்தாத் கஸாஞ்சியன். உலக அளவில் முகச்சீரமைப்பு அறுவை சிகிச்சையின் முன்னோடிகளைப் பட்டியல் போட்டால் தவறாமல் வரும் பெயர்.

அந்த மூலையில் அப்படி என்ன இருக்கிறது?

காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு கழுத்துப் பக்கமாக வளையும் இடத்தில் விரலை வைத்து, பல்லை அழுத்திக் கடித்துப் பாருங்கள். ஒரு தசை உருண்டு எழும்பும். மெல்லுவதற்கான பெரிய தசை அது. எலும்பின் உட்புறத்திலும் அதற்கு ஒரு ஜோடி உண்டு. இந்த இரண்டும் சேர்ந்து தாடையின் பின்பகுதியைத் தொட்டில் கட்டியதுபோலப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த மூலைக்கு முன்னால்தான் ஞானப்பல் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது முழுசாக முளைப்பதே இல்லை, எலும்புக்குள்ளேயே சாய்ந்து படுத்திருக்கும். அது இருக்கும் இடத்தில் எலும்பு குறைவு. போதாததற்கு, கனமான பல் வரிசைப் பகுதி முடிந்து மெல்லிய தகடு போன்ற பின்பகுதி தொடங்குவதும் அங்கேதான். குத்து, பந்து, ஹேண்டில்பார், சாலை என எது வந்து மோதினாலும் கீழ்த்தாடையில் அடிக்கடி உடையும் இடங்களில் இந்த மூலையும் ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம்.

உடைந்த பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கிறது. பின்துண்டை மெல்லும் தசைகள் மேலே இழுக்கும். முன்துண்டை நாக்குக்கு அடியில் இருக்கும் தசைகள் கீழே இழுக்கும். நீங்கள் எச்சில் விழுங்கும் ஒவ்வொரு தடவையும் இந்த இழுபறி நடக்கிறது. கையை உடைத்துக்கொண்டால் தூளி கட்டித் தொங்கவிட்டு ஓய்வு கொடுக்கலாம். வாய்க்கு எப்படி ஓய்வு கொடுப்பது?

இன்னொன்றும் உண்டு. பல் இருக்கும் இடத்தில் எலும்பு முறிந்தால் வெளியே தோல் கிழியாவிட்டாலும் அது திறந்த காயம்தான். பல்லைச் சுற்றியிருக்கும் ஈறு கிழிந்து, வாய்க்குள் இருக்கும் கிருமிகளுக்கு எலும்பு வரை நேராக ஒரு வழி கிடைத்துவிடுகிறது. எகிப்தின் பழைய மருத்துவச் சுருள் ஒன்றில், காயத்தோடு முறிந்த தாடையைச் சிகிச்சை அளிக்கக் கூடாத வியாதிகளில் சேர்த்திருந்தார்கள். கை விரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டிஸ் வழி வந்தவர்கள், முறிவின் இரண்டு பக்கமும் உள்ள பற்களைத் தங்கக் கம்பியாலோ நூலாலோ கட்டச் சொன்னார்கள். எலும்பைப் பல் வழியாகப் பிடிப்பது என்ற யோசனை அப்போதே இருந்திருக்கிறது. ஆனால் அடுத்த இரண்டாயிரம் ஆண்டுகளில் பெரும்பாலும் நடந்தது, மோவாயைச் சுற்றித் தலைக்கு மேலே துணிக்கட்டு போட்டுவிட்டுக் கடவுள் மேல் பாரத்தைப் போடுவதுதான்.

எர்ஸிஞ்சானிலிருந்து வூஸ்டர்

கஸாஞ்சியன் பிறந்தது 1879 மார்ச் 18 அன்று, ஒட்டோமான் பேரரசின் கிழக்கில் இருந்த எர்ஸிஞ்சான் நகரத்தில். ஆர்மீனியர்களுக்கு எதிரான படுகொலைகள் தலைதூக்கிய 1890களில், கடல் கடந்து போவதுதான் இளைஞர்களுக்குத் தெரிந்த வழி. 1895ல், 16 வயதில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்.

வூஸ்டர் கம்பி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். பியானோ கம்பி முதல் முள்கம்பி வரை அங்கே தயாரானது. ஆர்மீனியக் குடியேறிகள் பலருக்கு முதல் வேலை அந்த ஆலைகளில்தான். கஸாஞ்சியனுக்கும் அப்படியே. பகலில் ஆலை, ராத்திரியில் ஆங்கிலமும் மற்ற பாடங்களும். வருடக்கணக்கில் இப்படி ஓட்டி, ஹார்வர்ட் பல் மருத்துவப் பள்ளியில் இடம் பிடித்து, 1905ல் பட்டம் வாங்கினார். வேலையையும் படிப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு அந்த வருடங்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் தாடைகளைக் கம்பியால் கட்டிப் புகழ்பெற்ற மனிதர் கம்பி ஆலையிலிருந்து வந்தார் என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு கம்பி எவ்வளவு முறுக்கினால் இறுகும், எந்த இடத்தில் அறுந்துபோகும் என்பது புத்தகத்தில் படித்து வரும் அறிவு இல்லை, கைக்குத் தெரிய வேண்டிய விஷயம். இவர் கைக்கு அது தெரிந்திருந்தது.

பாஸ்டனில் சொந்தமாக கிளினிக், கூடவே ஹார்வர்டில் செயற்கைப் பல், தாடைக் கருவிகள் செய்யும் பிரிவில் வேலை. மருத்துவமனைகளிலிருந்து தாடை உடைந்தவர்களை அந்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தொழிற்சாலை விபத்து, தெருச்சண்டை, குதிரை உதைத்தது என்று எல்லா வகையும் வரும். அன்றைக்கு இருந்த வழக்கமான சிகிச்சை, ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றிக் கெட்டியாக்கிச் செய்த பெரிய அச்சை இரண்டு பல் வரிசைகளுக்கும் நடுவே மாட்டுவது. பார்க்க லாடம் மாதிரி இருக்கும். சாப்பிடவும் சுத்தம் செய்யவும் நோயாளி படாதபாடு படுவார். இல்லினாய்ஸைச் சேர்ந்த தாமஸ் கில்மர் 1887ல் இன்னொரு வழியை முன்வைத்திருந்தார். மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் மெல்லிய கம்பியால் நேரடியாகக் கட்டிவிடுவது. மேல்தாடை மண்டையோட்டோடு ஒட்டிய, அசையாத எலும்பு. அதோடு கீழ்ப் பற்களைச் சரியான கடியில் சேர்த்துக் கட்டினால், உடைந்த துண்டுகள் தாமாகவே சரியான இடத்துக்கு வந்து நிற்கும். உடம்புக்குள்ளேயே ஓர் அளவுகோலும் அச்சும் இருக்கும்போது வெளியே எதற்கு லாடம்?

கஸாஞ்சியன் இந்த வழியைத்தான் கையில் எடுத்து நூற்றுக்கணக்கான தாடைகளில் செய்து பார்த்துச் செம்மைப்படுத்தினார். முதல் உலகப்போர் வருவதற்கு முன்பே, பாஸ்டனில் தாடை முறிவு என்றால் கூப்பிடு அவரை என்ற நிலை வந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்கலாம். எலும்பு மருத்துவரின் கண்ணில் முறிவு என்பது இரண்டு முனைகள். அவை சேர்ந்து ஒட்டிவிட்டால் வெற்றி. காலில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாலும் மனிதர் நடந்துவிடுவார். தாடையில் அதே இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினால் பல் வரிசைகள் சேராது. ஒரு பக்கம் முன்கூட்டியே இடிக்கும், இன்னொரு பக்கம் திறந்தே நிற்கும். எக்ஸ்ரேயில் எலும்பு அருமையாக ஒட்டியிருக்கும், நோயாளியால் சப்பாத்தியைக் கடிக்க முடியாது. பல் மருத்துவரோ கடியிலிருந்து தொடங்கி எலும்புக்குப் போகிறார். எமர்ஜென்சியில் கேட்ட அந்தக் கேள்வி இந்தப் பார்வையிலிருந்து வருவதுதான்.

1915: மூன்று மாதத்துக்குப் போனவர்

1915 கோடையில், பிரிட்டிஷ் படைக்கு உதவ ஹார்வர்ட் ஒரு மருத்துவக் குழுவை பிரான்சுக்கு அனுப்பியது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. குழுவின் தலைமைப் பல் மருத்துவராகப் போனவர் கஸாஞ்சியன். மூன்று மாத வேலை, அவ்வளவுதான் ஏற்பாடு. முகாம் பிரான்சின் வடக்குக் கடற்கரையில் கமியே என்ற சின்ன ஊரில்.

அதே ஜூன் மாதத்தில் அவர் பிறந்த எர்ஸிஞ்சானில் ஆர்மீனியர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, கெமா பள்ளத்தாக்கை நோக்கி ஓட்டிச் செல்லப்பட்டு, யூப்ரடீஸ் நதிக்கரையில் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வருடங்களுக்கு முன்னால் கிளம்பி வராமல் இருந்திருந்தால் அவரும் அந்த வரிசையில் நின்றிருப்பார்.

கமியேவில் பல் பிடுங்குவதும் பல் அடைப்பதும்தான் வேலை என்று நினைத்துப் போயிருக்கலாம். வந்த கேஸ்கள் வேறு. அகழிப் போரில் உடம்பு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், எட்டிப் பார்க்கும் தலைதான் குறி. குண்டுச் சிதறல் கீழ்த்தாடையைப் பெயர்த்துக்கொண்டு போன இளைஞர்கள் ரயில் ரயிலாக வந்தார்கள். பேச முடியாது, விழுங்க முடியாது. மூலையிலோ முன்பக்கத்திலோ தாடை இரண்டு பக்கமும் உடைந்தால் நாக்குக்கு இருந்த முன்பிடி போய்விடும். மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும். அப்படிப்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது என்ற பாடத்தை அந்தப் போர் பல உயிர்களை விலையாக வாங்கிக்கொண்டுதான் கற்றுக்கொடுத்தது. இன்றைக்கும் சாலை விபத்துக்கு அது பொருந்தும். நினைவோடு இருக்கும் ஒருவர் முகத்தில் ரத்தத்தோடு தானாக முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தால், வலுக்கட்டாயமாகப் பிடித்து மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். அவர் மூச்சுக்காகத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

அதுவரை பல அறுவை மருத்துவர்கள் செய்தது, கிழிந்த தோலை இழுத்துத் தைத்து ஊருக்கு அனுப்புவது. பார்க்கக் காயம் மூடியது போலத் தெரியும். ஆனால் உள்ளே தாங்குவதற்கு எலும்பு இல்லை. தழும்பு காய்ந்து சுருங்கச் சுருங்க, மிச்சமிருக்கும் தாடைத் துண்டுகளை உள்ளே இழுத்துவிடும். மோவாய் மறைந்துபோகும், வாய் சுருங்கிவிடும், எச்சில் நிற்காது. ஆறு மாதம் கழித்து அதைப் பிரித்துச் சரிசெய்வது முதல் நாள் செய்வதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

கஸாஞ்சியன் வரிசையைத் திருப்பிப் போட்டார். முதலில் சாரம், பிறகுதான் பூச்சு. மிச்சமிருக்கும் பற்களைப் பிடிமானமாக வைத்து, கம்பியும் கெட்டி ரப்பரும் கொண்டு ஒவ்வொருவர் வாய்க்கும் தனித்தனியாக ஒரு தாங்கி செய்வார். துண்டுகளை அவை இருக்க வேண்டிய இடத்தில், எலும்பு போன இடைவெளியைக் குறைக்காமல், நிறுத்துவார். உதடும் கன்னமும் அந்தத் தாங்கியின் மேல் படிந்து ஆறட்டும் என்று தைப்பார். உருவம் தப்பியதும் எலும்பு ஒட்டு வைப்பதோ செயற்கைப் பல் பொருத்துவதோ நிதானமாக நடக்கலாம். தட்டுமுட்டுச் சாமான்களை வைத்து, பல் பட்டறையில் ராத்திரி பகலாக இதைச் செய்தார்கள். பென்சிலின் பிறக்காத காலம். சீழ் பிடித்தால் கழுவிக் கழுவித்தான் காப்பாற்ற வேண்டும். அசையாமல் பிடித்து வைக்கப்பட்ட எலும்பில் சீழ் குறைவாக இருப்பதையும், ஆடிக்கொண்டே இருக்கும் எலும்பில் அது அடங்காமல் போவதையும் அந்த வார்டில் தினமும் பார்க்க முடிந்தது.

மூன்று மாதம் முடிந்தது. திரும்பிப் போகவிடாமல் பிரிட்டிஷ் ராணுவம் அவரைக் கேட்டு நிறுத்தியது. மற்ற மருத்துவமனைகள் கைவிட்ட கேஸ்களை அவரிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். 1919 வரை அங்கேயே இருந்தார். அவர் கையில் வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். செய்தித்தாள்கள் அவரை மேற்கு முனையின் அற்புத மனிதர் என்று எழுதின. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் செயின்ட் மைக்கேல், செயின்ட் ஜார்ஜ் விருது கொடுத்து கௌரவித்தார்.

விருது வாங்கிய பிறகு மாணவர்

இத்தனைக்கும் பிறகு பாஸ்டன் திரும்பினால், சட்டப்படி அவர் இன்னும் பல் டாக்டர்தான். போர்முனையில் கன்னத்தையும் உதட்டையும் கட்டமைத்த கை, அமைதிக் காலத்தில் பல் வரிசையைத் தாண்டினால் கேள்வி வரும். அவர் செய்தது எனக்கு அவர் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. நாற்பது வயதில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தன்னைவிடப் பதினைந்து, இருபது வயது சின்னவர்களோடு உட்கார்ந்து படித்து, 1921ல் எம்.டி. பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டே ஹார்வர்டில் வாய் அறுவை சிகிச்சைப் பேராசிரியர். 1941ல் ஹார்வர்டின் முதல் பிளாஸ்டிக் சர்ஜரி பேராசிரியர்.

பல் மட்டும் போதாது, எலும்பு மட்டும் போதாது, தோலும் நரம்பும் சேர்ந்துதான் முகம் என்று அவர் சொந்த வாழ்க்கையிலேயே நிரூபித்த மாதிரி இருக்கிறது. இன்று அந்த இடைவெளியை அடைக்க ஒரு தனித்துறையே இருக்கிறது. இந்தியாவில் பி.டி.எஸ். முடித்து, வாய், தாடை, முக அறுவை சிகிச்சையில் மூன்று வருட எம்.டி.எஸ். படித்தவர்கள்தான் நள்ளிரவில் உங்கள் நண்பரைப் பார்க்க வருகிறவர்கள். சில மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜனோ காது மூக்கு தொண்டை நிபுணரோ பார்ப்பார்கள். யார் பார்த்தாலும் கடியில் தொடங்கித்தான் ஆக வேண்டும்.

அற்புத மனிதருக்கும் தோல்விகள் உண்டு. புற்றுநோயால் மேல்தாடையின் ஒரு பகுதியை இழந்து, செயற்கைத் தாங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் அவதிப்பட்ட சிக்மண்ட் ஃபிராய்டு அவரிடம் வந்த நோயாளிகளில் ஒருவர். 1931ல் மாநாடு ஒன்றுக்காக பெர்லின் வந்திருந்த கஸாஞ்சியனை, ஃபிராய்டின் சீடர்கள் பிடித்து வியன்னாவுக்கு அழைத்துப் போனார்கள். சுமார் மூன்று வாரம் உழைத்துப் புதிய தாங்கிகளைச் செய்தார். கட்டணம் 6,000 டாலர், அன்றைக்கு அது பெரிய தொகை. ஃபிராய்டுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. உடைந்த எலும்பு ஒட்டக்கூடியது, புற்றுநோய்க்காக வெட்டிய வாய் வருடா வருடம் மாறிக்கொண்டே போவது. இரண்டும் ஒரே கணக்கில் வராது.

1949ல் ஜான் மார்க்விஸ் கான்வர்ஸ் என்ற இளைய சகாவோடு சேர்ந்து முகக் காயங்களின் அறுவை சிகிச்சை பற்றி எழுதிய புத்தகம், அந்தத் துறையில் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்தது.

கம்பியின் விலை

கம்பிக்கட்டு எளிமையானது, மலிவானது. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. நான்கிலிருந்து ஆறு வாரம் வாய் பூட்டிய நிலை. கஞ்சி, பால், மிக்ஸியில் அடித்து வடிகட்டிய எதுவோ அதுதான் சாப்பாடு. எடை குறையும். பல்லைக் கடித்தபடியே பேசப் பழகிவிடலாம், ஆனால் ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை ஆன் பண்ணத் தோன்றாது. வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு, அதனால் கம்பி வெட்டும் குறடு ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கட்டை எடுத்த பிறகும் தாடை மூட்டு விறைத்திருக்கும், வாய் பழையபடி திறக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

மூலையில் உடைந்தால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கம்பி பற்களைத்தான் கட்டுகிறது. மூலைக்குப் பின்னால் இருக்கும் துண்டில் பல்லே கிடையாது. பூட்டிய வாய்க்குப் பின்னால் அந்தத் துண்டை மெல்லும் தசை தன்பாட்டுக்கு மேலே இழுத்துக்கொண்டிருக்கும். உடைந்த கோட்டின் சாய்வு அந்த இழுப்பைத் தடுக்கிற மாதிரி இருந்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் கம்பி மட்டும் போதாது. இத்தனை திறமைக்கும் தாடையின் மூலை கடைசி வரை தலைவலி கொடுத்த இடம்.

1973 மார்ச்சில், சான் டியேகோவில் கென் நார்ட்டனோடு நடந்த குத்துச்சண்டையில் முகமது அலியின் இடது தாடை உடைந்தது. எந்த ரவுண்டில் உடைந்தது என்பதில் இரண்டு தரப்புக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எப்படியோ, உடைந்த தாடையோடு அலி 12 ரவுண்டையும் முடித்து, தோற்று, அங்கிருந்து அறுவை சிகிச்சைக்குப் போனார். நமக்குப் பழக்கமான காட்சி 2002 ஆன்டிகுவா டெஸ்ட். மெர்வின் டில்லன் வீசிய பந்து தாடையை உடைத்த பிறகு, தலையைச் சுற்றிக் கட்டோடு வந்து 14 ஓவர் வீசி, லாராவின் விக்கெட்டை எடுத்தார் அனில் கும்ப்ளே. பிறகு பெங்களூருக்கு விமானம் ஏறி அறுவை சிகிச்சை. அந்தக் கட்டு, மருத்துவமனை போகும்வரை தாங்கிப் பிடிக்கும் முதலுதவி. பழங்காலத்தில் முழுச் சிகிச்சையே அதுதான்.

அலிக்குத் தாடை உடைந்த அதே 1973ல் பிரான்சில் மிஷெலே என்பவர் சின்னஞ்சிறு உலோகத் தகடுகளை வைத்து முக எலும்புகளைப் பிணைக்கும் முறையை விவரித்தார். ஸ்ட்ராஸ்பூர்கைச் சேர்ந்த மாக்ஸிம் ஷாம்பி அதை வளர்த்தெடுத்து 1978ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மெல்லும்போது தாடையின் மேல்விளிம்பு பிரிய முயலும், கீழ்விளிம்பு ஒன்றோடொன்று அழுந்தும். அப்படியென்றால் பிரிகிற விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய தகட்டை வைத்தால் போதுமே என்பதுதான் ஷாம்பியின் கணக்கு. வாய்க்குள்ளேயே கீறி, ஞானப்பல் இருக்கும் மேட்டில் ஒரு தகடு, நாலு ஸ்க்ரூ. வெளியே தழும்பு இல்லை. வாரக்கணக்கில் வாயைப் பூட்ட வேண்டியதும் இல்லை.

நம்பாதவர்களும் இருந்தார்கள். இத்தனை இழுப்புள்ள இடத்துக்கு ஒரே ஒரு மெல்லிய தகடா என்று கனமான தகடுகளையும், மேலும் கீழுமாக இரண்டு தகடுகளையும் வைத்துப் பார்த்தார்கள். 1990களில் அமெரிக்காவில் எட்வர்ட் எல்லிஸ் ஒவ்வொரு முறையாகச் செய்து கணக்குப் பார்த்தபோது வந்த விடை பலரை ஆச்சரியப்படுத்தியது. மூலை முறிவில் ஒற்றைத் தகடு வைத்தவர்களுக்கே சிக்கல் குறைவு. தகட்டைக் கூட்டக் கூட்ட எலும்பை மூடியிருக்கும் சவ்வை அதிகம் உரிக்க வேண்டும், ரத்த ஓட்டம் குறையும். முறிவு சிக்கலாக, பல துண்டாக இருந்தால் கனமான தகடு தேவைப்படும், அது வேறு விஷயம்.

இன்றைக்கும் சிக்கல் வரும் இடங்கள்

ஆன்டிபயாடிக்கும் டைட்டானியமும் வந்த பிறகும், கீழ்த்தாடை முறிவுகளில் அதிகம் சிக்கல் வருவது மூலையில்தான் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முதலில் நிற்பது சீழ். தகடு ஆடினாலோ, வாய் சுத்தம் இல்லாவிட்டாலோ, சிகரெட் பிடித்தாலோ வாய்ப்பு கூடும். சில வாரம் கழித்து வீக்கம், வாயில் கெட்ட சுவை என்றால் உடனே போய்க் காட்ட வேண்டும். எலும்பு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் தகட்டை எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டாமல் இருந்தால் மறுபடி உறுதியாகப் பிணைக்க வேண்டும்.

கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது இன்னொன்று. அந்த இடத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது, முறிவுக்கோடு அதைக் கடந்துதான் போகிறது. பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது. அறுவைக்கு முன்பே மரத்திருந்ததா என்பதைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு யார் காரணம் என்ற சண்டை மிச்சமாகும். கழுத்துப் பக்கம் வெளியே கீறிச் செய்யும் அறுவையில், கீழுதட்டை அசைக்கும் நரம்புக் கிளைக்கு ஆபத்து உண்டு. பாதிக்கப்பட்டால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும்.

ஞானப்பல்லை எடுக்கலாமா விடலாமா என்பது பழைய வழக்கு. முறிவுக்கோட்டில் இருக்கும் பல் என்பதாலேயே பிடுங்கிவிடுவது முந்தைய வழக்கம். இப்போது பல் உடைந்திருந்தால், சீழ் பிடித்திருந்தால், எலும்பைச் சேர்க்கவிடாமல் இடைஞ்சல் செய்தால் எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் விட்டுவைப்பதும் உண்டு. பல் சும்மா இருக்கும்போது எலும்பு முனைகள் பொருந்த அதுவே ஒரு பிடிமானம்.

கடி மாறிப்போவதைத்தான் நான் கடைசியாக வைத்தேன், ஏனென்றால் நம் ஊரில் அதை மறைக்கும் பழக்கம் இருக்கிறது. வீக்கம் வடிந்தது, வலி போனது, சாப்பிட முடிகிறது என்று ஃபாலோ அப்புக்குப் போகாமல் விட்டுவிடுவோம். பல் கொஞ்சம் இடிக்கிற மாதிரி இருந்தாலும் பழகிடும் என்று நினைப்போம். முதல் சில வாரத்தில் சின்ன மாற்றத்தை ரப்பர் வளையம் மாட்டியே இழுத்துச் சரிசெய்ய முடியும். எலும்பு இறுகி ஒட்டிய பிறகு, அதே எலும்பை மறுபடி வெட்டித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலுக்கு வசதி என்று போடும் பாதி ஹெல்மெட் மண்டையை மூடுகிறது, தாடையை மூடுவதில்லை. அதைப் போட்டுக்கொண்டு விழுந்தால் உயிர் பிழைத்து, தாடையோடு எமர்ஜென்சிக்கு வருவீர்கள்.

கஸாஞ்சியன் 1974 அக்டோபர் 19 அன்று, 95 வயதில் காலமானார். மூலைத் தகட்டின் வெற்றியை அவர் பார்க்கவில்லை. இன்று ஆபரேஷன் தியேட்டரில் பெரும்பாலும் தகட்டை எடுப்பதற்கு முன்னால், மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சரியான கடியில் சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கட்டு காட்டும் இடத்தில்தான் எலும்பு நிற்கிறது, அதன் மேல் தகடு உட்காருகிறது, ஸ்க்ரூ இறங்குகிறது. எல்லாம் முடிந்ததும் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, வாயைத் திறந்து மூடி, பற்கள் பழையபடி சேருகிறதா என்று இன்னொரு முறை பார்க்கிறார்கள்.